சாமான் வரும் வரை பிறந்தநாள் காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். பணிமாறுதல் கிடைத்து, மாமனார் கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, திருச்சியிலிருந்து ஹைதராபாத் வந்து 9 நாள் ஆகிறது. கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை. மகள் நான்காம் வகுப்பு. மகனை இன்னும் பள்ளியில் சேர்க்கவில்லை. மாமனார் இரண்டு வருடத்துக்கு முன்பு காலமாகிவிட்டார். அத்தையும் எங்களோடு வந்துவிட்டார். சாமான் ஏற்றிய லாரி 4 நாளில் வரும் என்றார்கள், இன்னும் வரவில்லை. கேட்டால் "இன்னிக்கு, நாளைக்கு" என்கிறார்கள். மூன்றாவது மாடியில் மூன்று படுக்கையறை வீடு. உள்ளே சில சூட்கேஸ், தரையில் விரிக்கும் மெத்தை, ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, அவ்வளவுதான். பேசினால் எதிரொலிக்கிறது.

வரும் புதன்கிழமை மகனுக்கு 4 வயது. ஞாயிற்றுக்கிழமை ஆனி அனுஷம், அத்தைக்கு 70 நிறைகிறது. "சாமான் வந்ததும் ரெண்டையும் சேர்த்து ஒரே நாள்ல கொண்டாடிக்கலாம்" என்கிறார் கணவர். மகன் முகம் வாடிவிடுமே என்று எனக்குக் கவலை. தவணையில் சோபா, கட்டில், டைனிங் டேபிள் எல்லாம் வாங்கிப் போட்டு, ஆபீஸில் இருப்பவர்களையும் கூப்பிட்டு, புதனன்றே நன்றாகச் செய்துவிடலாமா என்று யோசிக்கிறேன். தினமும் இதே சண்டை. மகள் "நம்ம வீட்டுக்கு எப்போ போவோம்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அத்தை எதுவும் கேட்பதில்லை, அவர் பாட்டுக்கு அமைதியாக இருக்கிறார். பால் காய்ச்சிய அன்றுகூட சமையலறைக்கு வெளியே ஒதுங்கித்தான் நின்றார். பிறந்தநாளைத் தள்ளிப்போடலாமா, கூடாதா?

— ஒரு வாசகி, ஹைதராபாத்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

புதன்கிழமைக்கு அதிக நாள் இல்லை, அதனால் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போடாதீர்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கவும் வேண்டாம். புதன் உங்கள் மகனுடைய நாள், ஞாயிறு அத்தையின் நாள். சோபாவும் டைனிங் டேபிளும் இப்போது வாங்காதீர்கள். ஆனால் கைப்பிடி வைத்த நாற்காலி இரண்டு, உட்கார்ந்து எழக்கூடிய உயரத்தில் ஒரு கட்டில், இவை மட்டும் இன்று மாலைக்குள் வீட்டுக்கு வந்தாக வேண்டும். அத்தைக்காகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என் மனம் நின்ற இடம் அதுதான். லாரி, சோபா, மகன், மகள் என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டு, கடைசியில் அத்தையைப் பற்றி இரண்டு வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை. வீடு மாறும் சமயத்தில் அழுகிறவர்களும் அடம்பிடிக்கிறவர்களும்தான் கண்ணில் படுவார்கள். பேசாமல் இருப்பவரை, சரி, அவர் சமாளித்துக்கொள்கிறார் என்று விட்டுவிடுவோம். யோசித்துப் பாருங்கள்: இந்த ஊருக்கு வர உங்களுக்கு வேலை என்று ஒரு காரணம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அப்பா அம்மா இருக்கும் இடம்தான் வீடு. அத்தை மட்டும்தான் தனக்கென்று ஒரு காரணமும் இல்லாமல் வந்தவர். கணவர் கட்டிய வீடு, கூப்பிட்ட குரலுக்கு வரும் அக்கம்பக்கம், பழகிய கோயில், கடைத்தெருவில் பேசும் மொழி என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவர் எதுவும் கேட்காமல் இருப்பதை நிம்மதி என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

முதலில் உடம்பு. 70 வயதுக்காரர் தரையில் விரித்த மெத்தையிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை முறை எழுந்திருக்க வேண்டியிருக்கும்? ராத்திரி மட்டுமே இரண்டு மூன்று தடவை இருக்கலாம். முட்டி வலி இருந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு போராட்டம். அதனால் சிலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள், வெளியில் சொல்ல மாட்டார்கள். உங்கள் அத்தை அப்படிச் செய்கிறாரா என்று இன்றைக்குக் கவனியுங்கள்.

இன்னொன்று பலருக்கும் தோன்றாது. வயதானவர்கள் தங்கள் வீட்டில் நடக்கும்போது அறியாமலே சாமானைத் தொட்டுத் தொட்டுத்தான் நடப்பார்கள். கட்டில் விளிம்பு, பீரோ, சாப்பாட்டு மேஜை, ஃபிரிட்ஜ், அப்புறம் சமையல் மேடை. திருச்சி வீட்டில் அத்தைக்கு அந்த வழி கைக்குப் பழகியிருக்கும். இப்போது இருப்பது வெறும் கூடம். பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது, கீழே வழவழப்பான டைல்ஸ், இருட்டில் குளியலறை எந்தப் பக்கம் என்று தடவிப் பார்க்க வேண்டிய நிலை. சாமான் இல்லாத வீடு குழந்தைக்கு விளையாட்டு மைதானம், பெரியவருக்கு ஆபத்து. அதனால் அத்தையின் படுக்கையிலிருந்து குளியலறை போகும் வழியில் சுவரை ஒட்டி ஒரு நாற்காலி போடுங்கள். ராத்திரி முழுக்கக் குளியலறை விளக்கு எரியட்டும், கதவு கொஞ்சம் திறந்திருக்கட்டும். அந்த வழியில் சூட்கேஸ், சார்ஜர் வயர், அட்டைப் பெட்டி எதுவும் கிடக்கக் கூடாது. குளியலறை வாசலில் வழுக்காத மிதியடி ஒன்று போடுங்கள். மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது, ஈரச் செருப்போடு யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாற்காலி என்றால் பிளாஸ்டிக் நாற்காலியே போதும். கைப்பிடி இருக்க வேண்டும், உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். ஹைதராபாத்தில் எல்லாப் பகுதியிலும் 'டென்ட் ஹவுஸ்' என்று பந்தல், நாற்காலி, மேஜை வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் உண்டு. அங்கே தினவாடகைக்கே கிடைக்கும். கட்டிலும் மெத்தையும் மாத வாடகைக்குக் கொடுக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. அவசரத்துக்கு, அபார்ட்மெண்ட் வாட்ச்மேனிடம் சொல்லி வையுங்கள், யார் வீட்டிலாவது சும்மா கிடக்கும் கட்டில் ஒன்று வந்துவிடும். நாடா கட்டில் மட்டும் வேண்டாம். அது நடுவில் தொய்ந்துவிடும், அதிலிருந்து எழுவது தரையிலிருந்து எழுவதைப் போலவே கஷ்டம்.

அத்தையின் மாத்திரைகளும் பழைய மருந்துச் சீட்டுகளும் லாரியில் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். "இன்னும் ரெண்டு நாளைக்கு இருக்கு" என்று அவர் சொன்னால் டப்பாவைத் திறந்து நீங்களே எண்ணுங்கள். ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோனதை மூன்று நாள் கழித்துச் சொல்லும் அம்மாக்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

இனி புதன்கிழமை.

4 வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்பது என்ன? டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குழந்தை உளவியல் ஆய்வு செய்யும் ஜாக்குலின் வூலி, 3 முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்குச் சில கதைகள் சொல்லிக் கேள்வி கேட்டார். பிறந்தநாள் வந்தும் பார்ட்டி நடக்காத ஒரு குழந்தைக்கு இப்போது என்ன வயது என்பது அதில் ஒன்று. வயது கூடியிருக்காது, பழைய வயதேதான் என்று சொன்ன குழந்தைகள் கணிசமாக இருந்தார்கள். கேக் வெட்டினால்தான் வயது கூடும் என்பது அவர்கள் கணக்கு. உங்கள் மகனும் அந்த வயதில்தான் இருக்கிறான். "லாரி வந்ததும்" என்று நீங்கள் சொல்வது அவன் காதில் "லாரி வந்தால்தான் எனக்கு நாலு வயசு" என்று விழலாம். எப்போது வரும் என்று பெரியவர்களுக்கே தெரியாத லாரியை நம்பிக் குழந்தையின் வயதை நிறுத்திவைக்க வேண்டாமே.

கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவருக்கு எல்லாம் ஒழுங்காக இருந்து, பிறகு நிதானமாகக் கொண்டாட வேண்டும் என்ற ஆசை. ஆனால் வீடு மாறியிருக்கும்போது பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது வேறு. அமெரிக்க உளவியலாளர் பார்பரா ஃபீஸியும் அவரோடு பணியாற்றியவர்களும் குடும்பப் பழக்கங்கள், சடங்குகள் பற்றிய 50 ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நெருக்கடியும் மாற்றமும் வரும் காலத்தில் குடும்பத்தை நிலைநிறுத்துபவை இவைதான் என்பது அதில் அவர்கள் வந்து சேர்ந்த முடிவு. உங்கள் வீட்டில் இப்போது தெரு, பள்ளி, அடுப்பு, படுக்கை எல்லாமே மாறிவிட்டது. மாறாமல் இருப்பது தேதி ஒன்றுதான். அதையும் மாற்றிவிட்டால் பிடிமானத்துக்கு என்ன இருக்கிறது?

திருச்சியில் பிறந்தநாள் காலையில் என்ன செய்வீர்களோ அதை அப்படியே இங்கும் செய்யுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, புதுச்சட்டையில் மஞ்சள் தடவுவது, பெரியவர்கள் காலில் விழச் சொல்வது, கேசரி கிண்டுவது, எது உங்கள் வழக்கமோ அது. சாயங்காலம் கேக். ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பில் விருந்து சமைக்கப் பார்க்காதீர்கள். பாயசமும் எலுமிச்சைச் சாதமும் வீட்டில், மற்றது கடையில். இண்டக்‌ஷனுக்கு அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் வேண்டும், அலுமினியத்தில் சூடே ஏறாது. புதிதாகப் பாத்திரம் வாங்கப் போனால் கையில் ஒரு காந்தத்தோடு போங்கள். எரிவாயுவுக்கு, திருச்சியில் சிலிண்டரை ஒப்படைத்தபோது கொடுத்த டெர்மினேஷன் வவுச்சரைக் காட்டி இங்கே இணைப்பு எடுத்துக்கொள்ளலாம். அது வரும்வரை, அடையாள அட்டை காட்டினாலே தரும் 5 கிலோ சின்ன சிலிண்டர் இருக்கிறது.

கூடத்தை எப்படி நிரப்புவது என்று கவலையா? நிரப்பவே வேண்டாம். வாழையிலை போட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட பரம்பரை நாம். தரையில் பாய் விரியுங்கள், வரிசையாகக் குழந்தைகளை உட்கார வையுங்கள், இலை போடுங்கள். செகந்திராபாத் மோண்டா மார்க்கெட் பக்கம் போனால் இலை, பூ எல்லாம் வாங்கி வரலாம். சோபாவும் டீப்பாயும் இருக்கும் வீட்டில் குழந்தைகளுக்கு இப்படி ஓட இடம் கிடைக்காது. கலர் சாக்பீஸால் டைல்ஸ் மேலேயே பாண்டி ஆடக் கட்டம் போட்டுக் கொடுங்கள், ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். எதிரொலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சுவர், தரை, கண்ணாடி எல்லாம் கெட்டியாக இருப்பதால் சத்தம் திரும்பி வருகிறது, மெத்தையும் துணியும் வந்தால் அடங்கிவிடும். இப்போதைக்கு ஜன்னல்களில் பழைய புடவையோ பெட்ஷீட்டோ தொங்கவிடுங்கள். ராத்திரி தூங்கும்போது இதனால் நல்ல வித்தியாசம் தெரியும்.

யாரைக் கூப்பிடுவது? ஆபீஸ் ஆட்களை இப்போது வேண்டாம். அவர்கள் வந்தால் வீட்டை அவர்கள் கண்ணால் பார்த்துப் பார்த்துக் கூச்சப்படுவீர்கள், மகன் ஒரு மூலையில் நிற்பான். அதே மாடியில், அதே பிளாக்கில் இருக்கும் நான்கைந்து குழந்தைகள் போதும். அழைப்பது எப்படி என்று யோசிக்காதீர்கள். மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு நாளைக்குச் சாயங்காலம் கதவைத் தட்டிச் சொல்லுங்கள்: புதிதாக வந்திருக்கிறோம், வீட்டில் இன்னும் சாமான் வரவில்லை, புதன்கிழமை பையனுக்குப் பிறந்தநாள், பிள்ளைகளை 5 மணிக்கு அனுப்புங்கள். சாமான் இல்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. ஏதாவது வேண்டுமா என்று அவர்களே கேட்பார்கள். ஒரு ஜமக்காளமோ, இரண்டு நாற்காலியோ, ஒரு பெரிய பாத்திரமோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடன் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போதுதான் அக்கம்பக்கத்துச் சிநேகிதம் ஆரம்பிக்கிறது.

ஒரு எச்சரிக்கை, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இருப்பது மூன்றாவது மாடி. காலி வீட்டில் இருக்கும் நாற்காலியையும் சூட்கேஸையும் 4 வயதுப் பையன் இழுத்துக்கொண்டு போகும் இடம் பால்கனிதான், வேடிக்கை பார்க்க. ஏறி நின்றால் கைப்பிடிச் சுவர் அவன் இடுப்புக்குக் கீழே இருக்கும். பால்கனிக் கதவுக்கு அவன் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் புதன்கிழமைக்கு முன்பே போட்டுவிடுங்கள். சாமான் மறைக்காததால் தரையோடு இருக்கும் பிளக் பாயிண்ட்கள் எல்லாம் இப்போது திறந்து கிடக்கும். பத்து ரூபாய், இருபது ரூபாய்க்கு மூடி கிடைக்கிறது. பல குழந்தைகள் வரும் நாளில் ஒரு பெரியவர் கூடத்தை விட்டு நகராமல் இருக்க வேண்டும், அது யார் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

தவணையில் சாமான் வாங்குவது பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பழைய சோபா லாரியில் வந்துகொண்டிருக்கிறது. அது வந்து இறங்கிய பிறகு இரண்டு சோபாவையும் எங்கே போடுவீர்கள்? எந்த அறையில் வெயில் வருகிறது, எங்கே உட்கார்ந்து காபி குடிக்கப் பிடிக்கிறது என்பதெல்லாம் ஒரு வீட்டில் கொஞ்ச நாள் இருந்தால்தான் தெரியும். அதற்கு முன் வாங்கும் பெரிய சாமானைப் பெரும்பாலும் தப்பான அளவில், தப்பான இடத்துக்குத்தான் வாங்குவோம்.

உங்கள் மகள் "நம்ம வீட்டுக்கு எப்போ போவோம்" என்று கேட்டால் "இதுதான் இனிமே நம்ம வீடு" என்று திருத்தாதீர்கள். அவளுக்கு அது தெரியும். திருச்சி வீட்டை நினைத்து ஏங்குகிறாள், அந்த ஏக்கத்தைப் பேசட்டும். "எதை நினைச்சா ரொம்ப வருத்தமா இருக்கு?" என்று கேளுங்கள். மாடிப்படி என்பாள், எதிர்வீட்டு நாய் என்பாள், சிநேகிதி பெயர் ஒன்று சொல்வாள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருங்கள், சமாதானம் சொல்ல அவசரப்பட வேண்டாம். அவளுக்குப் புதுப்பள்ளி மட்டும் பிரச்சினையாக இருக்காது. தெலங்கானாவில் 2018-ஆம் வருடச் சட்டப்படி பள்ளிகளில் தெலுங்கு கட்டாயப் பாடம். மற்ற பிள்ளைகள் சரளமாகப் படிக்கும்போது இவள் எழுத்தைக் கூட்டிக்கொண்டிருப்பாள். வகுப்பில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிய பெண்ணாக இருந்தால் அது இன்னும் வலிக்கும். வகுப்பு ஆசிரியரிடம் ஒரு தடவை நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

புதன்கிழமை அவளுக்கு நிஜமான ஒரு பொறுப்பைக் கொடுங்கள். கூடத்தை எப்படி அலங்கரிப்பது, விளையாட்டு என்னென்ன, யார் எங்கே உட்காருவது என்பதை அவளே முடிவு செய்யட்டும், நீங்கள் குறுக்கிடக் கூடாது. புதுவீட்டில் அவள் சொன்னது நடந்தது என்ற எண்ணம் வரும். திருச்சிச் சிநேகிதிகளோடு வீடியோ கால் பேச வேண்டும் என்றால் அதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். கேக் வெட்டும் நேரத்தில் வைத்தால் இங்கே வந்திருக்கும் குழந்தைகள் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அவளுக்கும் அழுகை வந்துவிடும்.

கணவரோடு நடக்கும் சண்டை பற்றி. திருச்சியிலிருந்து ஹைதராபாத் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. லாரி நேராக வந்தால் இரண்டு மூன்று நாள். இவ்வளவு தாமதம் என்றால் உங்கள் சாமான் 'பார்ட் லோடு' ஆக இருக்க வாய்ப்பு அதிகம். அதாவது வேறு சிலரின் சாமானும் சேர்ந்து லாரி நிறையும்வரை ஏதாவது ஒரு குடோனில் காத்திருக்கும். "லாரி எங்கே வருகிறது" என்று கேட்டால் சமாளிப்பார்கள். "எங்கள் சாமான் இப்போது எந்த குடோனில் இருக்கிறது, எந்த நம்பர் லாரியில் ஏற்றினீர்கள்" என்று கேளுங்கள். எல்.ஆர். காப்பியையும் (சாமான் ஏற்றியதற்கு லாரிக்காரர்கள் கொடுத்த ரசீது), ஏற்றும்போது எழுதிய சாமான் பட்டியலையும் பத்திரமாக வையுங்கள். சாமான் தொலைந்தோ உடைந்தோ போயிருந்தால் 2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பேச்சுக்கே மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அந்த போன் வேலையை ஒருவர் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காலை 10 மணிக்கு ஒரு தடவை பேசுவது, பதிலை எழுதிவைப்பது, அவ்வளவுதான். மற்றவர் அன்றைக்கு அதைப் பற்றிக் கேட்கவே கூடாது. இப்போது உங்கள் இருவருக்குமே தூக்கம் சரியாக இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். புது இடத்தில் முதல் ராத்திரி மூளையின் ஒரு பாதி முழுசாகத் தூங்காமல் காவல் காப்பதுபோல் விழிப்பாகவே இருக்கிறது என்று 2016-இல் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதோடு கட்டாந்தரை, எதிரொலி, கவலை எல்லாம் சேர்ந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். ராத்திரி 9 மணிக்கு மேல் எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்று இருவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும்.

நம் பழக்கத்தில் 60-க்கு மணிவிழா, 70-க்கு பீமரத சாந்தி, 80-க்கு சதாபிஷேகம் என்று இருக்கிறது. இவையெல்லாம் பெரும்பாலும் கணவரின் வயதைக் கணக்கு வைத்துத் தம்பதிக்குச் செய்பவை. மனைவிக்கு 70 ஆனால் அதற்கென்று தனியாக எதுவும் இல்லை. கணவரும் போய்விட்டால் "எனக்கென்ன பிறந்தநாள்" என்று அவரே சொல்லிவிடுவார், கேட்கிறவர்களும் அதோடு விட்டுவிடுவார்கள். பேரனின் பிறந்தநாளோடு சேர்த்து ஒரே கேக் என்றால் அங்கே கைதட்டல் முழுக்கப் பேரனுக்குத்தான். அத்தை சந்தோஷமாகவே நிற்பார், ஓரமாக நிற்பார். அதனால்தான் சேர்க்க வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன்.

பால் காய்ச்சிய அன்று அவர் ஒதுங்கி நின்றதை எழுதியிருந்தீர்கள். அதைக் கவனித்தது உங்கள் நல்ல மனசு. நல்ல காரியத்தில் தான் முன்னால் நிற்கக் கூடாது என்று அவருக்கு யாரும் அன்று சொல்லியிருக்க மாட்டார்கள். காலங்காலமாகப் பார்த்துப் பழகி அவராகவே விலகியிருப்பார். கணவர் இறந்துபோனதற்காக ஒரு பெண் தன் மகன் வீட்டு அடுப்படியிலேயே ஓரம்போக வேண்டும் என்ற வழக்கத்தை நான் ஏற்கவில்லை. அதை மாற்ற உங்களுக்கு இந்த ஞாயிறு நல்ல சந்தர்ப்பம். காலையில் குத்துவிளக்கோ காமாட்சி விளக்கோ எது கையில் இருக்கிறதோ, அதை அத்தையை ஏற்றச் சொல்லுங்கள். லாரியில் மாட்டிக்கொண்டிருந்தால் மண் அகல் போதும். அவர் மறுப்பார். "நீ ஏத்தும்மா" என்பார். அப்போது உங்கள் கணவர் பேச வேண்டும், இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லி வையுங்கள். "அம்மா, நீங்க ஏத்துங்க, எங்களுக்கு அதுதான் நல்லது" என்று மகன் வாயிலிருந்து வரும் வார்த்தைக்கு இருக்கும் பலம் மருமகள் சொல்வதற்கு இருக்காது. அதற்கு மேலும் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். பேத்தி கையைப் பிடித்து ஏற்றச் சொல்லுங்கள், இரண்டு பேரும் சேர்ந்து ஏற்றியதாக இருக்கட்டும்.

"உங்களுக்கு என்ன வேணும்" என்று கேட்காதீர்கள், "ஒண்ணும் வேண்டாம்" என்று உடனே பதில் வரும். கேள்வியைச் சின்னதாக்குங்கள். பருப்புப் பாயசமா, சேமியாவா? புடவை பச்சையா, அரக்கா? யார் யாருக்கு போன் போட்டுக் கொடுக்கட்டும்? இதற்கெல்லாம் பதில் சொல்வார். போன்தான் முக்கியம். அக்கா தங்கை, திருச்சி அக்கம்பக்கம், பழைய தெரு சிநேகிதி என்று ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு, காலையிலேயே ஒவ்வொருவராகப் போட்டுக் கொடுத்துவிட்டு நீங்கள் அந்த அறையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். மனசில் உள்ளதை அவர் உங்களிடம் சொல்லத் தயங்கலாம், அவர்களிடம் சொல்வார்.

கோயிலுக்குப் போக விருப்பம் என்றால், செகந்திராபாத் பத்மராவ் நகரில் ஸ்கந்தகிரி என்று முருகன் கோயில் இருக்கிறது, தமிழர்கள் நிறைய வருவார்கள். படி ஏறுவது அவருக்கு எப்படி என்று பார்த்துக்கொண்டு, கூட்டம் குறைந்த நேரத்தில் கூட்டிப்போங்கள். அனுஷ நட்சத்திரத்துக்கு அவர் பெயரில் ஒரு அர்ச்சனை. நட்சத்திரம் 27 நாளைக்கு ஒருமுறை திரும்பி வரும். மாதாமாதம் அனுஷத்தன்று அங்கே போவதை அவருக்கென்று ஒரு வழக்கமாக ஆக்கிவிட்டால் இந்த ஊரில் அவருக்கு ஒரு இடம் கிடைத்துவிடும். கோயில் வாசலில் தமிழ் காதில் விழுந்தாலே முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

பேரன் பேத்தி அவர் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கும்போது அவர்கள் கையில் கொடுக்கப் புதுநோட்டாக இரண்டு நூறு ரூபாய் முன்பே அவரிடம் தனியாகக் கொடுத்துவையுங்கள். அவர் பணம் லாரியிலோ, வங்கி மாற்றலிலோ, மகன் பையிலோ மாட்டிக்கொண்டிருக்கலாம். கொடுக்கக் கையில் இல்லாமல் ஆசீர்வாதம் செய்வது பெரியவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். கேக் வேண்டுமா என்றால், வேண்டும். 70 என்று எழுதியே வாங்குங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும், அடுத்த இரண்டு வாரத்தில் அவர் சாப்பாடு குறைந்துகொண்டே போனால், விடியற்காலை 3 மணிக்கே விழித்து உட்கார்ந்திருந்தால், முன்பு பிடித்ததெதுவும் இப்போது பிடிக்கவில்லை என்றால், வயதாகிவிட்டது, இடம் பழகவில்லை என்று விடாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. முதியோருக்கென்றே இருக்கும் உதவி எண் 14567.

கடைசியாக, லாரி வரும் நாள். எல்லோரும் சேர்ந்து ஓட வேண்டாம். கணவர் கீழே நின்று பட்டியலைப் பார்த்து டிக் போடட்டும், நீங்கள் மேலே. உடைந்தது, கீறியது, வராதது எதுவானாலும் அவர்கள் நீட்டும் காகிதத்தில் அதை எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளை அந்த இரண்டு மணி நேரம் பிறந்தநாளுக்கு வந்த பிள்ளைகளின் வீட்டில் விடுங்கள். கட்டில் பூட்டுகிற ஆட்கள் ஹாலில் இருக்கும் பெரிய சாமானிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அவர்களை நிறுத்தி, அத்தையின் கட்டிலையும் பீரோவையும் முதலில் பூட்டச் சொல்லுங்கள். எந்தச் சுவரை ஒட்டிப் போடுவது என்று அவரையே கூப்பிட்டுக் கேளுங்கள்.